வெட்டிப்போட்ட துண்டு

என் மனைவி எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே என் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நான் அவசரமாகக் காதைப் பொத்திக்கொண்டேன்.

வேறு வீடாக இருந்தால் புருஷன் குளிர்ந்துபோயிருப்பான். என் வீட்டு நிலவரம் வேறு. அவளுக்குப் பாட வராது. வராது என்று அவளுக்கே தெரியும் என்பதால் அந்தப் பக்கமே போக மாட்டாள். பிடிகொடுக்காமல் இழுத்தடித்த ஒரு கணக்கு சட்டென்று சரியாக வந்து விழுந்தால் மட்டும், அவளை அறியாமல், மூக்குக்கும் தொண்டைக்கும் நடுவில் எங்கிருந்தோ அந்தச் சத்தம் கிளம்பும். ராகம் கிடையாது, தாளம் கிடையாது. பழைய ஃப்ரிட்ஜ் ஓடுவது மாதிரி இருக்கும். கல்யாணமான இத்தனை வருஷத்தில் நான் அதைக் கேட்டது அபூர்வம். கேட்டபோதெல்லாம் அடுத்த சில மாதங்களில் அவள் பெயரில் ஒரு கட்டுரை வந்திருக்கிறது. ஆக, அவள் பாடுகிறாள் என்றால் வியாழன் கோளின் மேல்காற்றில் அவள் தேடிக்கொண்டிருந்தது அகப்பட்டுவிட்டது. எனக்குத் தெரியவே கூடாத விஷயம் அது ஒன்றுதான்.

"சட்டையக் குடு" என்று பிடுங்கினேன்.

"இருங்க, காலர் இன்னும் போடலையே."

"பரவால்ல. காலரை யாரு பாக்கப்போறா."

கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகள் சீப்பும் கையுமாக எட்டிப் பார்த்தாள். "அம்மா, நீ பாடினியா இப்ப?"

"நானா? இல்லையே" என்றாள் மனைவி. நிஜமாகவே அவளுக்குத் தெரியாது. மகள் என்னைப் பார்த்தாள். நான் கண்ணால் கெஞ்சினேன். அவள் சீப்பை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே போய்விட்டாள். புத்திசாலிப் பெண், என்னைக் கொண்டு பிறக்கவில்லை.

எங்கள் பிழைப்பைச் சொன்னால்தான் இந்தக் கூத்து புரியும். நானும் மனைவியும் ஒரே ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்க்கிறோம். நான் கீழ்த்தளம், அவள் மேல்தளம். வியாழனைச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு விண்கலம் அவ்வப்போது கோளின் முதுகுப் பக்கம் போய் மறையும். மறைவதற்குச் சற்று முன்னால், அது அனுப்பும் ரேடியோ அலை கோளின் மேல்காற்றை உரசிக்கொண்டுதான் நம் ஆன்டெனாவுக்கு வந்து சேர வேண்டும். அங்கே எலக்ட்ரான்கள் இருந்தால் அலை இம்மி அளவு வளையும். அந்த வளைவை வைத்து எந்த உயரத்தில் எத்தனை எலக்ட்ரான், அந்தக் காற்று எவ்வளவு மின்சாரம் கடத்தும் என்று கணக்குப் போடுவோம். பதிவு ஒன்று, கணக்குப் போடுகிற அணி இரண்டு. ஒரு அணி சொல்வதை இன்னொரு அணி தனியாகப் போட்டுச் சரி என்றால்தான் உலகம் ஒத்துக்கொள்ளும். அதனால் முடிவைத் திறக்கிற நாள் வரை இரண்டு அணியும் ஒன்றோடொன்று மூச்சு விடக் கூடாது. நான் ஒரு அணி, அவள் இன்னொரு அணி. எங்கள் தலைவி, கூடத்தில் எல்லோரும் 'நீதிபதி' என்று அழைக்கிற அம்மாள், ஆரம்பத்திலேயே எங்களில் ஒருவரைத் தூக்கிவிடத்தான் பார்த்தார். வீட்டில் வாயே திறக்க மாட்டோம் என்று இருவரும் சத்தியம் செய்யாத குறையாகக் கேட்டு வாங்கிய வேலை இது.

வீட்டில் மகள்தான் போலீஸ். தடை செய்த வார்த்தைகளை யார் சொன்னாலும் அன்றைக்குப் பாத்திரம் முழுக்க அவர் தலையில். 'அயனி' கூடாது, 'அடுக்கு' கூடாது. 'தூசி' கூடவே கூடாது. மனைவியின் மொத்தக் கோட்பாடும் தூசியின் மேல் நிற்கிறது. அலமாரி மேல் விரலால் கோடு போடும் அளவுக்குச் சேர்ந்திருந்தது. அதன் பெயரைச் சொல்ல முடியாததால் ஒருவரும் துடைக்கவில்லை.

அந்தத் தூசி விஷயத்தை, தடைக்கு முந்தைய காலத்தில், அவள் மகளுக்கு விளக்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வியாழனுக்கும் அதன் துணைக்கோள்களுக்கும் நடுவில் காந்தக் கோடுகள் வழியாக அசாத்தியமான மின்சாரம் ஓடுகிறது. ஓடுகிற மின்சாரம் திரும்பி வந்தாக வேண்டும். அதற்கு அது கோளின் மேல்காற்றில் குறுக்கே நடந்து, வேறொரு கோட்டைப் பிடித்து ஏற வேண்டும். "காலி பஸ்ல கம்பியப் பிடிச்சவ அங்கயேதான் நிப்பா" என்றாள். "நெரிசல்ல அசையவே முடியாது. பாதிக் கூட்டம் இருந்தாத்தான், இடிபட்டு இடிபட்டு, பக்கவாட்டுல நகர்ந்து கதவுகிட்ட வந்து சேருவ. அயனிக்கும் அப்படித்தான். இடிக்க ஆள் வேணும், ஆனா அளவா வேணும்." அந்த அளவான கூட்டம் இருக்கிற உயரம் ஒரு குறுகிய பட்டை. அங்கே அயனிகள், அதாவது மின்னூட்டம் கொண்ட துகள்கள், அதிகம் இல்லை என்பதுதான் நாங்கள் எல்லோரும் நம்பியது. அவள் மட்டும் உண்டு என்றாள். விண்ணிலிருந்து விழுகிற கல்லும் தூசியும் எரிந்து இரும்பு ஆவியாக, மக்னீசிய ஆவியாக அந்த உயரத்தில் மெல்லிய அடுக்குகளாகத் தங்கிவிடும். உலோக அயனிக்கு ஆயுசு கெட்டி. மின்சாரம் பெரும்பாலும் நடந்துபோவது அந்த அடுக்குகளின் மேல்தான் என்றாள். ஏழு வருஷமாகச் சொல்கிறாள். மாநாடுகளில் தலையாட்டிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்கள். இந்த முறையும் ஒன்றும் கிடைக்காவிட்டால் அவள் அணியைக் கலைத்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. அவளை ஒரு செயற்கைக்கோள் கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றல். போனால் திரும்ப முடியாது.

அன்று காலர் சுருங்கிய சட்டையோடு என் நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் திறந்ததும் என் கோலம் எனக்கே புரிந்தது. எங்கள் வரைபடம் தயாராக இருந்தது. மேலே அழகான ஒரு மலை. கீழே போகப் போகக் கோடு இறங்கி, ஒரு இடத்தோடு நின்றுவிடும். அதற்குக் கீழே பதிவு இல்லாமல் இல்லை. அங்கே ஒரே அலை பல வழிகளில் வளைந்து ஒரே சமயத்தில் வந்து சேர்ந்து குழப்பியடிக்கும். காலி மண்டபத்தில் ஒருவர் பேசினால் நாலு பக்கமும் எதிரொலி கேட்குமே, அப்படி. வழக்கமான முறைக்கு அது புரியாது. ஆகவே ஒன்றுக்கு மேல் கோடு தெரிந்தால் அந்தத் துண்டைத் தானாக வெட்டி எறிய நானே ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறேன். எல்லோரும் வெட்டுவார்கள், நான் கொஞ்சம் சுத்தமாக வெட்டுவேன், அவ்வளவுதான். மனைவியின் முறை வேறு. பின்னிக் கிடக்கிற அலைகளைச் சிக்கெடுக்கிற முறை அது. அவள் பாடினாள் என்றால், நான் வெட்டிய துண்டுக்குள் எதையோ பார்த்திருக்கிறாள்.

கை மவுஸின் மேல் இருந்தது. துண்டை எடுத்துப் பார்க்க ஒரு நிமிஷம் போதும். பார்த்து, சிக்கெடுத்து, அவளுடைய அடுக்குகள் இருந்தால் நானும் வரைந்துவிடலாம். வரைந்தால் என்ன ஆகும்? புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து வீட்டில் சமைத்துக் கொண்டுவந்தது என்பார்கள். அவள் கண்டுபிடிப்பு அதோடு காலி. பார்க்காமல் விட்டால்? திறக்கிற நாளில் அவள் வரைபடத்தில் அடுக்குகள் இருக்கும், என்னுடையதில் வெறும் வெள்ளை இருக்கும். துணைக்கு யாரும் இல்லாத கண்டுபிடிப்பு, அதுவும் காலி. பார்த்தாலும் கெடுக்கிறேன், பார்க்காவிட்டாலும் கெடுக்கிறேன். என் வாழ்க்கையில் ஒரு மவுஸ் அவ்வளவு கனத்ததில்லை.

கையை எடுத்து இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு நீதிபதியின் அறைக்குப் போனேன்.

"மேடம், என் மனைவி பாடிட்டாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா இருந்துச்சா?"

மென்று முழுங்கி விஷயத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. கடைசியில் பேனாவை மேஜை மேல் போட்டார். "நீங்க வந்து சொன்னதனால இப்ப எனக்கும் தெரிஞ்சுபோச்சு. திறக்கறவரைக்கும் எனக்கும் தெரியக் கூடாது, அது ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

அசடு வழிந்தேன். அதை நான் யோசிக்கவே இல்லை.

"வெட்டின துண்டப் பாத்தீங்களா?"

"தொடவே இல்ல மேடம்."

"தொடாதீங்க. உங்க வரைபடம் எப்படி இருக்கோ அப்படியே வரட்டும். அவங்களுக்கு நல்லதுன்னு நெனச்சு எதுவும் பண்ணிடாதீங்க. நல்லதுன்னு பண்றதுதான் இங்க பெரிய ஆபத்து."

திறக்கிற நாள் வரை நான் வீட்டில் இருந்த இருப்பு இருக்கிறதே, அதை எதிரிக்கும் விரும்ப மாட்டேன். அவள் அடுக்களையில் நின்றால் நான் மிக்ஸியைப் போட்டேன். குளியலறைக்குள் போனால் டிவியை அலற விட்டேன். "உங்களுக்குக் காது கேக்கலையா என்ன?" என்று ஒரு நாள் கேட்டாள். "வயசாகுதுல்ல" என்றேன். அவள் என்னவோ பூரித்துப்போய்த்தான் திரிந்தாள். பார்க்கப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

பயந்தபடியே நடந்தது. அரங்கில் இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார்கள். மேலே உள்ள மலை இரண்டிலும் அச்சு அசல். கீழே அவளுடையதில் சீப்புப் பல் மாதிரி மெல்லிய முனைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. என்னுடையதில் வெள்ளை. கசமுசவென்று பேச்சு எழுந்தது. என் அணியின் மூத்தவர், எதையும் லேசில் நம்பாதவர், நாங்கள் 'தாடி' என்று சொல்கிறவர், எழுந்து நின்றார்.

"நாங்க குப்பைன்னு வெட்டின இடத்துலயே உங்க புதையல் இருக்கு. சந்தோஷம். ஆனா புதையல் வியாழன்ல இருக்கா, உங்க புரோகிராம்ல இருக்கா?"

மனைவி மேடையில் மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். "அடுத்த மாசம் விண்கலம் திரும்பவும் மறையுது. எந்த உயரத்துல அந்த ஒத்த அலை பலதா உடையும்னு இப்பவே சொல்றேன். எழுதிக்கோங்க. அங்க உடையலைன்னா நானே அணியக் கலைச்சிடறேன்."

மேல் எல்லை, கீழ் எல்லை என்று இரண்டு எண் சொன்னாள். நீதிபதி எழுதிக்கொண்டார். அந்த முறை எந்த அணியும் எதையும் வெட்டக் கூடாது, அலை வரும்போதே எல்லோரும் ஒரே திரையில் பார்ப்பது என்று முடிவானது. தடை நீங்கியது.

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மனைவி ஆரம்பித்தாள். "ஏங்க வெட்டினீங்க?"

"எல்லாரும் வெட்றதுதானே."

"ஒரு தடவ, ஒரே ஒரு தடவ உள்ள என்ன இருக்குன்னு பாக்கணும்னு தோணலையா உங்களுக்கு?"

"தோணுச்சு" என்றேன். "நீ பாடின அன்னைக்குத் தோணுச்சு."

அப்புறம் மறைக்க ஒன்றும் இல்லை. இஸ்திரி, காலர், மவுஸ், நீதிபதி, மிக்ஸி எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் ஒரு செருப்பைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். மகள் கதவோரம் வந்து நின்றாள். அடி விழுமோ என்றுகூட எனக்குத் தோன்றியது.

"பாத்திருந்தீங்கன்னா," என்றாள் மெதுவாக, "வீட்ட விட்டே தொரத்தியிருப்பேன்." பிறகு செருப்பைக் கீழே வைத்தாள். "பாக்காம இருந்தீங்களே, அவ்ளோ நாளும். எப்படிங்க?"

கதவோரத்திலிருந்து மகள், "அப்ப தூசின்னு சொல்லலாமா இனிமே?" என்றாள். மூவரும் சிரித்தோம். அன்று சாயங்காலம் அலமாரியைத் துடைத்தேன்.

அந்த நாள் வந்தது. பட்டப்பகல். அறைக்குள் நிற்க இடமில்லை. மகள் கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு வந்திருந்தாள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வியாழனிலிருந்து அலை வந்து சேர முக்கால் மணி நேரத்துக்குப் பக்கமாகும். அதாவது விண்கலம் ஏற்கெனவே மறைந்துவிட்டது. அலை உடைந்ததோ உடையவில்லையோ, நடந்தது நடந்து முடிந்துவிட்டது. சேதி மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. இதை நினைத்து நினைத்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவி முதல் வரிசையில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். போகிறேன், பேசுகிறேன் என்று இரண்டு முறை எழுந்து இரண்டு முறையும் உட்கார்ந்தேன்.

கறுத்த திரையில் மேலிருந்து கீழாக ஒரே ஒரு வெளிச்சக் கோடு இறங்கிக்கொண்டிருந்தது. அதுதான் விண்கலத்தின் குரல். தாடி மைக்கைப் பிடித்துக்கொண்டு உயரத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். கோடு லேசாக இடப்பக்கம் சாய்ந்தது. எல்லோருக்கும் தெரிந்த மலை. யாரோ கை தட்டப்போய் நிறுத்திக்கொண்டார்கள். கோடு மறுபடி நிமிர்ந்தது.

"நீங்க சொன்ன மேல் எல்லை" என்றார் தாடி, என் மனைவியிடம்.

ஒன்றும் இல்லை. கோடு ஒற்றையாக, ஒழுங்காக, திமிராக இறங்கியது. இன்னும் கீழே. ஒன்றும் இல்லை. அவள் சொன்ன பட்டையில் பாதி போய்விட்டது. மகள் என் கையைப் பிடித்தாள். முன் வரிசையில் அந்த முதுகு அசையவில்லை. கடவுளே, உடையேன், உடைந்து தொலையேன் என்று ஒரு ரேடியோ அலையிடம் நான் வேண்டிக்கொண்டிருந்தேன். என் அணி, அவள் அணி எல்லாம் எந்த மூலைக்குப் போயிற்றோ தெரியாது. எனக்கு அவள் ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்போது திரை அணைந்தது.

கோடு போய்விட்டது. வெறும் கறுப்பு. "போச்சு", "ஆன்டெனா என்னாச்சு?", "விண்கலம் திரும்பிடுச்சா?" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். தாடி மைக்கைத் தட்டினார், ஏதோ மைக்கில்தான் கோளாறு என்பதுபோல. மனைவி எழுந்து நின்று திரையையே பார்த்தாள். அவள் தோள் தொய்ந்ததைப் பார்த்தேன்.

நான் ஒருவன்தான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அந்தக் கறுப்பு எனக்குத் தெரியும். விளிம்பில் பிசிறே இல்லாமல், கத்தரி வைத்து நறுக்கியதுபோல இருந்த கறுப்பு. அப்படிச் சுத்தமாக வெட்டுகிறவன் இந்தக் கூடத்தில் ஒருவன்தான். கணக்குப் போடுகிற இடத்திலிருந்தெல்லாம் என் வெட்டும் புரோகிராமை எடுத்துவிட்டேன்; திரையில் காட்டுகிற இடத்தில் எடுக்க மறந்துபோயிருக்கிறேன்! அது எப்போது வெட்டும்? ஒரு கோடு இருந்தால் வெட்டாது. ஒன்றுக்கு மேல் இருந்தால்தான் வெட்டும்.

"வெட்டுது!" என்று கத்தினேன். குரல் கீச்சென்று வந்தது. "என் புரோகிராம் வெட்டுது! ஐயோ, வெட்டுதுங்க!"

எல்லோரும் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று வழிவிட்டார்கள். நாற்காலிகளில் இடித்துக்கொண்டு, யாருடைய காலையோ மிதித்து, ஓடினேன். மனைவியைத் தாண்டும்போது அவள் என்னைப் பார்த்தாள். இந்தக் கூட்டத்தில் எனக்கு அடுத்தபடி அந்தப் புரோகிராமைத் தெரிந்தவள் அவள்தான். எத்தனை நாள் அதைத் திட்டியிருக்கிறாள். அவள் கண் விரிந்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எந்த உயரம்?" என்று நீதிபதி எங்கிருந்தோ கேட்டார்.

"பட்டைக்குள்ளதான்" என்றார் தாடி. மைக் இருப்பதை மறந்து, சின்னக் குரலில் சொன்னார்.

விசைப்பலகை முன்னால் குனிந்தேன். அவசரத்தில் தப்புத் தப்பாகத் தட்டினேன், அழித்தேன், மறுபடி தட்டினேன். என் பெயர் போட்ட அந்த ஒரு வரியை நிறுத்தினேன்.

கறுப்பு விலகியது. ஒற்றைக் கோடு இருந்த இடத்தில் இரண்டு இருந்தன. பார்க்கப் பார்க்க மூன்றாயின. ஒன்று இடப்பக்கம் வளைந்து போய், இன்னொன்றைத் தாண்டி, திரும்பி வந்து சேர்ந்தது; மறுபடி பிரிந்தது. இத்தனை காலம் நான் நறுக்கி நறுக்கிக் குப்பையில் போட்டது இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. இன்னும் கணக்குப் போட வேண்டும், இரண்டு அணியும் தனித்தனியாகப் போட வேண்டும், மறுபக்கம் விண்கலம் வெளியே வரும்போது அங்கேயும் பார்க்க வேண்டும். தாடி ஆயிரம் கேள்வி கேட்பார், கேட்கட்டும்.

எனக்கு நேர் பின்னால், கழுத்துக்கு அருகில், பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று மெதுவாக ஓடத் தொடங்கியது. நான் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. திரும்பவும் இல்லை. திரையில் நாலாவது இழை ஒன்று மெல்லியதாகப் பிரிந்து, மற்ற மூன்றோடும் பின்னிக்கொண்டு, கீழே கீழே இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.